வாரத்துக்கு விட்ட காட்டெருமை

இவர் வேலைக்குப் போகும்போது ரயிலில் இலவசமாகக் கிடைக்கும் பிரெஞ்சுப் பேப்பரை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்னேரம் தேத்தண்ணியோடு அதை மேசையில் விரித்து, படங்களைப் பார்த்து, செய்தியைத் தானே சொல்லிக்கொள்வார். இவர் என்றது என் கணவரை. இவருடைய பிரெஞ்சு 'பொன்ஜூர்' என்று தொடங்கி 'மெர்சி' என்று முடிந்துவிடும். இடையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் படத்தில் நிற்கும் அமைச்சர் ஏன் சிரிக்கிறார், பக்கத்தில் நிற்பவர் ஏன் சிரிக்கவில்லை என்று இவர் சொல்லும் காரணங்கள் பல நாட்களில் பேப்பரில் இருந்த காரணங்களை விட நன்றாகவே இருந்தன.

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு மார்கழிப் பின்னேரம், அப்படித்தான் ஒரு படத்தைக் கண்டு நிமிர்ந்தார். ஒரு பெரிய லொறியின் பின்கதவுக்குள்ளிருந்து மயிர் மூடிய தலை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சரும், இதை ஒருக்கா வாசியும். மாட்டை எங்கையோ ஏத்திக்கொண்டு போறாங்கள்."

நான் மொன்றியலின் ஓரத்தில் உள்ள ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கார்தெரியின், அதாவது பிள்ளைகள் காப்பகத்தின், குசினியில் வேலை செய்தேன். மூன்று வயதுக் குழந்தைகளோடு கதைத்துப் பழகியதில் என் பிரெஞ்சு இவருடையதை விடக் கொஞ்சம் ஓடும். இங்கிலிஷ், ஊரில் தட்டச்சுப் படித்த நாளிலிருந்தே கைவசம். வாசித்துச் சொன்னேன். ஒரு காலத்தில் கனடாவின் மேற்குப் புல்வெளி முழுவதும் காட்டெருமைகள் கணக்கில்லாமல் திரிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒன்றுகூட இல்லை. இப்போது ஆல்பர்ட்டாவில் காப்பாற்றி வைத்திருந்த மந்தையிலிருந்து கொஞ்சத்தை லொறியில் ஏற்றி, சஸ்காச்சுவானில் உள்ள பொதுப் புல்வெளி ஒன்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். பனிக்காலம் முழுவதும் ஒரு சின்னப் பட்டியில் வைத்திருந்து, இடம் பழகிய பிறகு, வசந்தத்தில் கதவைத் திறந்துவிடுவார்களாம்.

"அது சரியான வேலை," என்றார். "புது மாட்டைக் கட்டிப் பழக்கித்தான் விடோணும். அவங்களுக்கு ஆரோ எங்கட ஆக்கள் சொல்லிக் குடுத்திருக்கிறாங்கள்."

கனடா அரசாங்கம் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தால் அதை எங்கட ஆட்கள் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது இவருடைய உறுதியான எண்ணம். வருமான வரி, மெத்ரோ வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கு இந்த எண்ணம் பொருந்தாது.

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "கொட்டில் இல்லை. வைக்கல் போட ஆளில்லை. திறந்து விட்டாப் பிறகு அது தனியப் பிழைக்குமே?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு மனிதர் எருமைக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டார் என்று யோசிப்பீர்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். நல்ல மழை. இவர் தன் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்திக்கொண்டு முன்னுக்குப் போனார். நான் மகளை இடுப்பிலும் பையைத் தோளிலும் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒழுங்கை முடக்கில் வைத்து இவர் திரும்பிக் கத்தினார், "மாட்டை அவிட்டு விட்டுட்டு வாரும்!" நான் திரும்பிப் போய்ப் பசுவையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தேன்.

இவ்வளவும்தான் இவருக்குத் தெரிந்த கதை. மொன்றியலில் எங்களைப் பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் கூப்பிட்டவர்களில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் தெரிந்த கதையும் அதுதான். "என்ர மனிசி அந்த நேரத்திலயும் திரும்பிப் போய் மாட்டை அவிட்டு விட்டவ. அவ விட்டபடியால்தான் அது எங்கையாவது மேஞ்சு பிழைச்சிருக்கும்," என்று தொடங்குவார். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் தட்டில் இருக்கும் வடையைப் பார்ப்பேன்.

அவிழ்த்துவிட்டது உண்மைதான். அவிழ்த்துவிட்டு வெளியே வந்து, வளவு வாசல் படலையைச் சாத்தி, கொளுக்கியையும் போட்டேன். அதுவும் உண்மை.

எங்கள் ஊரில் படலையைச் சாத்தாமல் போகிற பெண்ணை ஒரு பெண்ணென்றே கணக்கெடுக்க மாட்டார்கள். கடைக்குப் போய் வருகிற பத்து நிமிஷத்துக்குள் ஊர் ஆடெல்லாம் வளவுக்குள் நிற்கும். அதனால் கைக்குப் பழக்கம். ஊரே வெறுமையாகப் போகிற அன்றும் என் கை தன் பாட்டில் தன் வேலையைச் செய்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி வந்து, மகளை இடுப்பு மாற்றும்போதுதான் நினைவு வந்தது. அந்தச் சனத்துக்குள் திரும்பிப் பார்க்கவே இடமில்லை. திரும்பிப் போவது எங்கே.

இதில் இவருடைய வேலி வேறு. இவர் வேலியடைப்பதில் விண்ணர். வருஷா வருஷம் கதியால் கம்புகளைப் பார்த்து மாற்றி, ஓலை நெருக்கிக் கட்டி, அடியில் முள்ளுக்கம்பி இழுத்து வைப்பார். "என்ர வேலிக்குள்ளால கோழிக்குஞ்சும் போகாது" என்பது இவருடைய வாக்கு. ரொக்ஸ்பரோவில் முழங்கால் அளவு பனிக்குள் நின்று, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் செடிவேலியைக் காட்டிக்கூட அதைச் சொல்லுவார். அந்த மனிதர் தமிழ் தெரியாமலே தலையாட்டுவார். கோழிக்குஞ்சு போகாத வேலி. கொளுக்கி போட்ட படலை. உள்ளே ஒரு பசுவும் கன்றும்.

பத்து வருஷமாக இதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நல்ல வழி பகிடி பண்ணுவது. மாட்டுக்கதை தொடங்கினால் நான் பகிடியைத் தொடங்குவேன். அப்படித்தான் காட்டெருமையையும் பகிடி பண்ணத் தொடங்கினேன்.

அந்தப் புல்வெளி மந்தைக்கு உதவி செய்கிற ஒரு சிறு அமைப்பு இருந்தது. நன்கொடை கொடுத்தால் மந்தையில் ஒரு காட்டெருமையை உங்கள் பெயரில் தத்துத் தருவார்கள்: ஒரு சான்றிதழ், ஒரு படம். இவர் எனக்குச் சொல்லாமலே அனுப்பிவிட்டார். தை மாதம் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு பெண் காட்டெருமையின் படம், காதில் இலக்கம், முகத்தில் எங்களை இதற்கு முன் கண்டதில்லை என்ற பார்வை. இவர் அதைச் சட்டம் போட்டுப் பிள்ளையாருக்கும் மகளின் பள்ளிக்கூடப் படத்துக்கும் நடுவில் கொழுவினார்.

"மகளுக்குத் தங்கச்சியோ?" என்று கேட்டேன்.

"பகிடி பண்ணாதையும். நல்ல சாதி மாடு. திமிலைப் பாரும்."

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் அரைவாசி பிரெஞ்சில் கதைப்பாள். "பப்பா, அது தர்மத்துக்குக் குடுக்கிறது. மாடு உங்கட இல்லை," என்றாள்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. நான் வாரத்துக்கு விட்டிருக்கிறன்."

மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் மேய்க்க வசதி இல்லாதவர்கள் தங்கள் பசுவை வசதி உள்ளவரிடம் வாரத்துக்கு விடுவார்கள். பசு விட்டவருக்குத்தான் சொந்தம். வளர்க்கிறவருக்குப் பால். முதல் கன்று வளர்க்கிறவருக்கு, இரண்டாவது விட்டவருக்கு, மூன்றாவது திரும்பவும் வளர்க்கிறவருக்கு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வாய்ச்சொல்தான். கனடா நாட்டின் பொதுப் புல்வெளியோடு இவர் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார். அது புல்வெளிக்குத் தெரியாது.

பங்குனி பிறந்ததும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விரல் மடித்து எண்ணி, மாடு சினையாக இருந்தால் சித்திரை வைகாசியில் கன்று போடும் என்றார். "ஒரு கடிதம் எழுதும்," என்றார். நான் மறுத்தேன். இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்கட்டும், வெள்ளைக்காரன் சிரித்தால்தான் இவருக்குப் புத்தி வரும் என்று, இவர் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கிலிஷில் தட்டினேன்.

எங்கள் மாடு சினையா? இரவில் காற்றுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது? பனிக்குள் என்ன தின்கிறது? தண்ணீர் உறைந்தால் என்ன செய்வீர்கள்? முதல் கன்று வழக்கப்படி உங்களுக்கே. இரண்டாவது எங்களுடையது; ஆனால் மொன்றியலில் இட வசதி இல்லாதபடியால் அதையும் நீங்களே வைத்திருக்கலாம், ஆட்சேபனை இல்லை. கடைசி வரியாக, "ஆள் பார்க்காமல் விட்ட மாடு பிழைக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று எழுதச் சொன்னார். அந்த வரியைத் தட்டும்போது மட்டும் எனக்குக் கோபம் எங்கோ போய்விட்டது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. புல்வெளியில் மந்தையோடு வேலை செய்கிற ஒரு பெண் தன் கையால் எழுதியிருந்தாள். காட்டெருமைக்குக் கொட்டில் வேண்டாம், பனிக்காற்று வந்தால் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கும். தலையை இரண்டு பக்கமும் வீசிப் பனியை ஒதுக்கி அடியில் உள்ள புல்லைத் தின்னும். தண்ணீர் உறைந்தால் பனியை உண்ணும். இந்த மந்தை யாருக்கும் சொந்தமில்லை, கன்றுகளும் அப்படியே. ஆனால் உங்கள் ஊர் ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தோம். வளர்க்கிறவர் என்பது நாங்களா புல்லா என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். புரட்டாசியில் மொன்றியலுக்கு வந்து நூலகம் ஒன்றில் படம் காட்டிப் பேசப்போகிறேன், கட்டாயம் வாருங்கள். கடைசிக் கேள்விக்கு அவள் எழுதிய பதில் ஒரே வரி: "நிச்சயமாகத் தெரியாது, அதனால்தான் தினமும் பார்க்கப் போகிறோம்."

நான் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துத்தான் இருந்தார்கள், ஆனால் இவரோடு சேர்ந்து. இவருக்குத் தலைகால் தெரியவில்லை. "பாத்தீரே, முதல் கண்டு புல்லுக்காம். வளக்கிறது புல்லுத்தானே. நியாயம்," என்றார். அந்தப் பெண் அப்படி எழுதவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளையாரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரயிலேறி நகரத்துக்குப் போனோம். இவர் கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம். அதைச் சுட்டவள் நான்.

"படம் பாக்கப் போற இடத்துக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எங்கட மாட்டைப் பாக்கிறவ. வெறுங்கையோட போறதோ?"

மண்டபத்தில் முப்பது பேர் வரையில் இருந்தார்கள். கோட்டுப் போட்டவர் இவர் ஒருவர்தான். பேசிய பெண்ணுக்கு மெலிந்த, வெயிலில் கறுத்த முகம். சேற்றுச் சப்பாத்துகளை மட்டும் துடைத்துவிட்டு நேரே வந்தவள் மாதிரி இருந்தாள். இங்கிலிஷில் பேசினாள். நான் இவருடைய காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பட்டியின் கதவைத் திறந்த நாளைப் படமாகக் காட்டினாள். வசந்தத்துப் புல், முடிவே இல்லாத வானம். இரண்டு பேர் கதவை முழுதாக இழுத்துத் திறந்துவிட்டு ஒதுங்கினார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. காட்டெருமைகள் எல்லாம் கூட்டமாக நின்று திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மண்டபத்தில் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை, கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"பழகின பட்டியெல்லோ. விட்டுட்டுப் போக மனம் வராது," என்றார் மெல்ல.

பிறகு வயதான ஒரு பசு முன்னுக்கு வந்தது. வாசலில் மண்ணை மணந்தது. ஒரு கால் வைத்தது, மற்றக் காலும் வைத்தது. அதற்குப் பின்னால் எல்லாம் இடித்துக்கொண்டு ஓடின. புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இவர் என் கையைப் பிடித்து அமத்தினார். "பாத்தீரே, திறந்து விட்டால் போகும். நீர் விட்ட மாதிரி."

என்னால் கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

கேள்வி நேரம் வந்தது. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். நான் மொழிபெயர்த்தேன். முதற்கேள்வி வேலியைப் பற்றித்தான், வேறு எது. அவள் விளக்கினாள்: உயரமான கம்பிவேலி, ஆனால் கடைசிக் கம்பியைத் தரையிலிருந்து உயர்த்தி, முள் இல்லாமல் கட்டியிருக்கிறோம். மான்கள் குனிந்து அதற்குக் கீழால் போய் வரும்.

இவருக்கு அதிர்ச்சி. "மான் போற அளவுக்குப் பொட்டு விட்டோ வேலி அடைக்கிறது?" பொட்டு என்பது எங்கள் பேச்சில் வேலியில் உள்ள ஓட்டை. தன் வாழ்நாளில் ஒரு பொட்டும் விடாத மனிதர் கேட்கிறார். நான் அதை "சுவாரசியமான முறை என்கிறார்" என்று மாற்றிச் சொன்னேன்.

பிறகு இரண்டாவது கேள்வி. "கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் அதுகளுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு கேளும்."

அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. இரண்டு தரம் தொடங்கி மூன்றாம் தரம்தான் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். உள்ளே தீனும் தண்ணீரும் இருக்கும் வரைக்கும் நிற்கும் என்றாள். பிறகு, பிடிவாதமான ஒன்று வேலியைச் சோதித்துப் பார்க்கும். ஏதாவது ஓரிடம் இளகினால் போய்விடும், இளகாவிட்டால்... என்று சொல்லித் தோளைக் குலுக்கினாள்.

இவருக்கு நான் "போயிடுமாம்" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து இவர் பயத்தம் பணியாரத்தைக் கொடுத்தபோது அந்தப் பெண் அங்கேயே ஒன்றைக் கடித்து, பல்லுக்கு வேலை வைத்த அதன் உறுதியைப் பாராட்டினாள். அதையும் நான் வேறு மாதிரி மொழிபெயர்த்தேன்.

திரும்பும் ரயில் மலைக்கு அடியில் உள்ள நீண்ட சுரங்கத்துக்குள் போகும்போது யன்னலில் ஒன்றும் தெரியாது, எங்கள் முகங்கள்தான் தெரியும். இவர் சந்தோஷமாக இருந்தார். அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் வீடு இருந்தது. அங்கே இந்தக் கதை முழுவதையும் சொல்லப்போவதாகவும், நான் மாட்டை அவிழ்த்துவிட்டதில் தொடங்கிக் காட்டெருமையில் முடிக்கப்போவதாகவும் சொன்னார். இனி ஒரு வடையையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"இஞ்சருங்கோ," என்றேன். "நான் மாட்டை அவிட்டனான். ஆனால் படலையைச் சாத்திப்போட்டன். கொளுக்கியும் போட்டனான். நினைச்சுச் செய்யேல்லை. கை செய்துபோட்டுது. பாலம் தாண்டினாப் பிறகுதான் தெரியும். உங்களுக்குச் சொல்லப் பயமாய் இருந்தது."

இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. வெளிச்சத்தில் இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மடியில் இருந்த வெறும் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து பூட்டினேன். ஒவ்வொரு நிலையமாக வந்து போனது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பத்து வருஷத்தில் இவர் என்னோடு கோபித்திருந்த நாட்களை எல்லாம் எண்ணினாலும் இந்த அரைமணித்தியாலத்துக்குக் காணாது. நான் அழுதேன். மறைக்கவில்லை.

சனிபுறூக் வந்தது. அடுத்தது எங்கள் நிலையம். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்த மாடு எந்தக் காலத்தில படலையால போனது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கிணத்தடிப் பக்கம் வேலியில ஒரு பொட்டு இருந்தது. அதுக்குள்ளாலதான் போய் வாறது. உமக்குத் தெரியாது."

"உங்கட வேலியிலயோ?" என்றேன். "கோழிக்குஞ்சும் போகாதெண்டு சொன்னீங்கள்?"

"கோழிக்குஞ்சு போகாது," என்றார். "மாடு போகும்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எதிரில் இருந்த ஒரு கிழவி பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்து நீட்டினாள். இவர் அவளுக்கு நிதானமாக "மெர்சி" சொல்லி வாங்கி என்னிடம் தந்தார்.

கிணற்றடி வேலியில் பொட்டு இருக்கவில்லை. அந்த வருஷம் ஆவணியில் அதை அடைத்தபோது மறுபக்கத்தில் நின்று கயிற்றை வாங்கி வாங்கிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு கதியாலும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ரொக்ஸ்பரோவில் இறங்கும்போது, அது காணாதென்று, படியில் என் கையையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை பிறந்தநாள் வீட்டில் இவர் கதையைத் தொடங்கியபோது நான் வடையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். லொறி வந்தது, பட்டி வந்தது, திறந்த கதவு வந்தது. வாரத்துக்கு விட்ட மாட்டின் முதல் கன்று புல்லுக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வழக்கம்போல, "அண்ணை, உங்கட வேலியைப் பற்றிச் சொல்லேல்லையே. கோழிக்குஞ்சும் போகாத வேலியெல்லோ," என்று எடுத்துக் கொடுத்தார்.

வருஷக்கணக்காக இவர் காத்திருந்து பிடிக்கிற பந்து அது. இவர் தட்டைக் கீழே வைத்தார்.

"சேச்சே," என்றார். "என்ர வேலி அவ்வளவு திறமில்லை. மாடு போற அளவுக்குப் பெரிய பொட்டு ஒண்டு இருந்தது."